கணப்படுப்பில் ஒரு முருகன்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கட்டடக்கலை படிக்கும் மாணவிகள் இறங்கினார்கள். இறங்கினார்கள்… இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக அவர்களுடைய பேராசிரியர் இறங்கினார். கழுத்தில் கேமரா, கையில் டேப், முகத்தில் திருப்பதி தரிசனம் கிடைத்துவிட்ட பரவசம்.

நான் கதவைத் திறந்தபோது இடுப்பில் யாழினி இருந்தாள். என் மூன்று வயது மகள். என் இன்னொரு கையில் அவளுடைய நெபுலைசர் மாஸ்க். இளைப்புக்கு மருந்துப் புகை பிடித்து முடித்து அப்போதுதான் மூக்கில் இருந்து எடுத்திருந்தேன். தலை வாரியிருந்தேனா? எனக்கே தெரியாது.

“இந்த மாதிரி வீட்டில் வாழ நீங்க குடுத்து வச்சிருக்கணும் மேடம்” என்றார் பேராசிரியர்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்பவர்கள் எல்லோரும் அரை மணி நேரத்தில் கிளம்பிப் போய்விடுவார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

என் வீட்டைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் இதுவரை எழுதியதில்லை. எழுதினால் இன்னும் இரண்டு வேன் வரும் என்ற பயம்தான். ஆனால் இந்த வாரம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. ஐயர் பங்களா என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் சர்ச் குருவையும் ஐயர் என்றுதான் சொல்வார்கள். யாரோ ஒரு வெள்ளைக்கார குருவானவர் தான் குடியிருக்கக் கட்டிக்கொண்ட வீடு இது.

நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் பாருங்கள், அவர் இங்கிலாந்தில் தான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறார். இங்கே வந்து இறங்கி, அப்படியே பிரித்து விரித்துவிட்டார். ஊர் எது, வெயில் எது என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூரை செங்குத்தாக நிற்கும். எதற்கு? பனி விழுந்தால் வழுக்கிக் கீழே போவதற்காம். பனி! உப்பளத்தில் உப்பு வெடித்துக் காய்கிற ஊரில்!

கூடத்தில் தெற்குப் பக்கம் முழுக்க ஜன்னல். வெளியே புடைத்துக்கொண்டு, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, உள்ளே உட்கார இருக்கை போட்டு… அதில் உட்கார்ந்து இளவெயில் காயலாமாம். இளவெயில் என்றால் என்ன என்று சித்திரை மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்து யாராவது எனக்குக் காட்டினால் நன்றாக இருக்கும். யாழினியை அந்த இருக்கையில் ஒரு நாள் உட்கார வைத்தேன். வீல் என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

காற்று வருகிற கிழக்குப் பக்கம் பார்த்து வைத்திருப்பது என்ன தெரியுமா? மாடிப்படி. சன்னமாக, இருட்டாக, நடுவில் ஒடிந்து திரும்பும் மாடிப்படி. எங்கள் பீரோ இன்றுவரை அதில் ஏறவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீரோ, கூடத்து மூலையில் விருந்தாளி மாதிரி நிற்கிறது.

பிரசங்கம் எழுத ஒரு தனி அறை. அதற்கு வெளியில் இருந்து தனி வாசல். சபை மக்கள் வீட்டுக்குள் வராமலேயே குருவானவரைப் பார்த்துவிட்டுப் போகலாம். இந்த ஒரு யோசனையை மட்டும் நான் மெச்சுகிறேன். இப்போது அந்த வாசலில் கூரியர் வாங்குகிறோம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் — கணப்படுப்பு. குளிர்காய்வதற்காகச் சுவருக்குள்ளேயே கட்டும் அடுப்பு. கீழே கூடத்தில் ஒன்று. அதற்கு நேர் மேலே, மாடியில் எங்கள் படுக்கையறையில் இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்துச் சுவருக்குள் ஓடும் ஒரே புகைபோக்கி. தூத்துக்குடியில் குளிர்காய இரண்டு அடுப்பு! அந்த மனிதர் ஒரு நாளாவது அதைப் பற்றவைத்திருப்பாரா?

“ஷேர்டு ஃப்ளூ! ரெண்டுக்கும் ஒரே புகைபோக்கி!” என்று பேராசிரியர் கத்தியேவிட்டார். மாணவிகள் ஓடிவந்து அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டக்கென்று தலையை வெளியே எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஏனென்றால் உள்ளே முருகன் இருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் மாமனார் உடன்குடிக்காரர். கருப்பட்டி மொத்த வியாபாரம். இந்த பங்களாவை அவர் அழகுக்காக வாங்கவில்லை. சுவர் கெட்டி, ஈரம் ஏறாது, கருப்பட்டி இளகாது என்று கணக்குப் போட்டுக் கிட்டங்கியாக வாங்கினார். கிட்டங்கி என்றால் எங்கள் பக்கம் சரக்கு அடைத்து வைக்கும் குடோன். கீழும் மேலும் ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாகக் கருப்பட்டி. பனி வழுக்கும் கூரைக்குக் கீழே பனங்கருப்பட்டி! இன்றும் மழை வரப்போகிறது என்றால் தரையின் இடுக்கில் இருந்து எறும்பு சாரி சாரியாகக் கிளம்பும். அதற்குப் பழைய ஞாபகம்.

வியாபாரத்தை மாமா குறைத்துக்கொண்டபோது என் கணவர் சரவணன், “அப்பா, இதை வீடாக்கிருவோம். இது ஹெரிடேஜ்” என்று பிடிவாதம் பிடித்து ரிப்பேர் பார்த்தார். கப்பல் ஏஜென்ஸியில் வேலை பார்ப்பவர் அவர். வெளிநாட்டு கேப்டன்களிடம் இந்த வீட்டு போட்டோவைக் காட்டித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். என் போட்டோ அப்புறம்.

குடிவந்த அன்று மாமா பூஜைக்கு இடம் தேடியிருக்கிறார். கணப்படுப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாராம். மேலே வளைவு, கீழே கருங்கல் மேடை, மூன்று பக்கமும் சுவர். “சாமிக்குன்னே கட்டுன மாடம் மாதிரில்லா இருக்கு!” பிறகென்ன… கரியைத் தேய்த்துக் கழுவி, திருச்செந்தூர் முருகன், பிள்ளையார், பக்கத்தில் மறைந்த என் அத்தையின் படம். நான் மருமகளாக வந்தபோது எல்லாம் நிலைபெற்றிருந்தன.

முருகன் முன்னால் மாமா ஏற்றும் விளக்கு அசையாமல் நிமிர்ந்து எரியும். புகைபோக்கி மேலே இழுப்பதால் அப்படி. மாமாவைப் பொறுத்தவரை அது முருகன் இருப்பதற்கு சாட்சி. சாம்பிராணி போட்டால் ஒரு துளிப் புகை கூடத்துக்குள் வராது. அதுவும் சாட்சி.

புகை எங்கே போகிறது என்று யாராவது கேட்டார்களா? எங்கள் படுக்கையறைக்கு!

சாதாரண நாளில் பாதிப் புகை கூரைக்கு மேலே போய்விடும். ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தால் தலைகீழ். மேற்கில் இருந்து செம்மண் புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்று, புகைபோக்கிக்குள் இறங்கி, சாம்பிராணியையும் பழைய கரியையும் சேர்த்து மாடி அடுப்பின் வாய் வழியாக என் மகளின் கட்டிலில் கொட்டும். யாழினிக்கு நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார் — புகை ஆகாது, புழுதி ஆகாது. வேறு அறைக்கு மாறலாமே என்பீர்கள். இன்னொரு மாடி அறையில் மேற்கு வெயில் இறங்கும். மதியம் அதற்குள் போனால் அப்பளமே பொரித்துவிடலாம்.

நான் கேட்டது மிகச் சின்ன விஷயம். கீழே முருகன் இருக்கட்டும். மாடியில் எங்கள் அறைப்பக்கம் இருக்கும் அடுப்பின் வாயை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிடலாம்.

“ஹெரிடேஜ், சுபா…” என்றார் என் கணவர், பல் பிடுங்கச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மாமா என்ன சொன்னார்? என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி — மருமகளிடம் மாமனார் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபமெல்லாம் கிடையாது. அதுதான் மரியாதையாம். நான் வைத்த காப்பியை என் கையில் இருந்தே வாங்கிக்கொண்டு, வேலைக்கு வரும் மெர்சி அக்காவைக் கூப்பிடுவார். “ஏளா மெர்சி, சீனி கூடப் போட்டுட்டான்னு அந்தப் புள்ளைட்ட சொல்லு.” நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். அக்காவும் என்னைப் பார்த்து, “தங்கச்சி, சீனி கூடவாம்” என்று மொழிபெயர்ப்பார்.

அடுப்பு விஷயத்திலும் மெர்சி அக்காதான் செய்தி கொண்டுவந்தார். “சாமிக்கு மேல அடைச்சா சாமிக்கு மூச்சு முட்டும்னு அண்ணாச்சி சொல்லுதாவ. ஒருக்காலும் கூடாதாம்.”

நான் தெர்மகோல் வைத்து, செலோடேப் ஒட்டி அடைத்துப் பார்த்தேன். மறுநாள் அதை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதெப்படி அவருக்குத் தெரிந்தது? மூட்டுவலி என்று மாடிக்கே ஏறாதவர்! அப்போது நான் யோசிக்கவில்லை. எதை எதையோ நாள் முழுக்க யோசிக்கிறவள், இதை யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் புகை மட்டும் மேலே வரவில்லை. மாமாவின் குரலும் வந்தது.

தினமும் காலையில் மணியடித்து முடித்ததும் மாமா முருகனோடு பேசுவார். ஸ்லோகமெல்லாம் இல்லை. மண்டியில் பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுவதுபோல்தான் பேசுவார். மாடியில் யாழினிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும் எனக்கு, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும்.

“முருகா, நாக்கு செத்துப் போச்சுய்யா. ஒரு அவியல் கெடைச்சா நல்லாருக்கும்.”

நான் அன்று அவியல் வைப்பேன்.

“நாளைக்கு உடன்குடில இருந்து ரெண்டு பேரு வாராவ முருகா. வீட்ல இருக்கவங்க என்ன செய்வாவளோ…”

நான் கூட இரண்டு ஆழாக்கு அரிசி போடுவேன்.

உறவினர்கள் என்னைக் கொண்டாடினார்கள். வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால் மாமனார் மனசறிந்து நடக்கிற மருமகளாம்! எனக்கோ உள்ளுக்குள் உறுத்தல். ஒரு மனிதர் சாமியிடம் தனியாகப் பேசுவதை ஒட்டுக் கேட்பது சரியா? சொல்லிவிடலாமா? சொன்னால் பாவம், அவர் பேசுவதையே நிறுத்திவிடுவாரே? ஒரு நாள், மேலே ஆள் இருக்கிறது என்று தெரியட்டுமே என்று வேண்டுமென்றே இருமினேன். கீழே பேச்சு ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது. சரி, காது கொஞ்சம் மந்தம் போல என்று முடிவு செய்துகொண்டேன்.

என்னைப் பற்றியும் வரும்.

“அந்தப் புள்ள எதுக்கெடுத்தாலும் பயப்படுதா முருகா. புள்ள தும்முனா பயம், தும்மலேன்னா பயம். படிச்ச புள்ள இப்படிப் பயந்தா எப்படி?”

அன்று முழுக்க எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் இன்னொரு நாள்…

“நின்னுக்கிட்டேதான் சாப்பிடுதா. ஒரு நாளாவது உக்காந்து, ரெண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்ட்டு நான் பாக்கல. இவ அம்மைக்கு என்ன பதில் சொல்லுவேன்? நீ பாக்க மாட்டியா?”

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். நான் இல்லாத இடத்தில், யாருக்கும் காட்டுவதற்காக அல்லாமல், ஒருவர் எனக்காகச் சாமியிடம் கேட்கிறாரே…

சனிக்கிழமைக்கு வருகிறேன். பேராசிரியர் கிளம்பும்போது நான் கடைசி முயற்சியாக அவரிடம் கேட்டேன். மாடி அடுப்பின் வாயை அடைக்கலாமா சார், குழந்தைக்கு இளைப்பு…

அவர் பதறிவிட்டார். “வேண்டவே வேண்டாம் மேடம்! பழைய கட்டடம் மூச்சு விடணும்.”

என் இடுப்பில் இருந்த குழந்தையின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. அது அவர் காதில் விழவில்லை. கட்டடத்தின் மூச்சு மட்டும் கேட்கிறது போலிருக்கிறது.

“கேட்டியா மெர்சி” என்றார் மாமா, ஈஸி சேரில் இருந்து. “படிச்சவரே சொல்லுதாரு.”

என் கணவர் பேராசிரியருக்கு நன்றி சொல்லி, மாணவிகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இளநீரை வெட்டிய அரிவாளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியும்போது காற்று பேயாக அடித்தது. கீழே மணிச்சத்தம். சாம்பிராணி வாசனை ஏறுவதற்குள் யாழினி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண் பிதுங்குகிறது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்து வாங்குகிறது. இந்தக் காட்சியைப் பார்த்த அம்மாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு அது வாய்க்கவே வேண்டாம்.

சரவணன் துறைமுகத்தில். கப்பல் வந்திருந்தது. நான் தனியாக நெபுலைசரை மாட்டினேன். மிஷின் ஓடி, மருந்து முடிந்து, அவள் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கி, என் தோளில் சரிந்து தூங்கினாள். உதட்டின் நிறம் திரும்பிவிட்டதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். திரும்பியிருந்தது. மறுபடி பார்த்தேன்.

பிறகு மாடி அடுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கறுத்த, காலியான வாய். கீழே மாமா முருகனிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ அறுந்தது. நானும் பேச ஆரம்பித்துவிட்டேன். அதே முருகனிடம்தான். என் பங்குக்கு.

“முருகா, உனக்கு சாம்பிராணி வேணும்னா எனக்கு ஒண்ணும் இல்ல. எம் பிள்ளைக்கு மூச்சு வேணும். இந்த வீட்டுல ஒருத்தருக்கு நீ இருக்க. ஒருத்தருக்கு ஹெரிடேஜ் இருக்கு. எனக்கு இவ ஒருத்திதான் இருக்கா. நான் பயந்தாங்கொள்ளிதான். ஆமா, பயப்படுதேன். நான் பயப்படலேன்னா இந்தப் பிள்ளைக்காக வேற யாரு பயப்படுவா? இன்னைக்கு இவ உதடு நீலமாச்சு முருகா. நீ பாத்தியா? பாத்துக்கிட்டுதான் இருந்தியா?”

சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கீழே பேச்சு நின்றிருந்தது. மணியும் அடிக்கவில்லை.

நான் குழந்தையோடு கீழே இறங்கி வந்தபோது, சாம்பிராணிக் கரண்டி முற்றத்தில் கிடந்தது. கரி மேல் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தது. மாமாவைக் காணவில்லை. அவருடைய டி.வி.எஸ். வண்டியும் இல்லை.

இட்லி வெந்து இறக்கும்போது வண்டிச்சத்தம். பின்னால் ஒரு கொத்தனார், மடியில் சிமென்ட் சட்டியோடு.

“எங்கன, எம்புட்டு அடைக்கணும்னு அந்தப் புள்ளைட்ட கேட்டுக்க” என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு மாமா ஈஸி சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மெர்சி அக்கா வாயைப் பிளந்தார். “என்ன தங்கச்சி, அண்ணாச்சிக்கு சாமி வந்துட்டா?”

எனக்கு மெய் சிலிர்த்தது. நேற்று வரை ஒருக்காலும் கூடாது என்றவர்! நான் ஒரே ஒரு தடவை வேண்டினேன், முருகன் உடனே கேட்டுவிட்டார். ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். எங்கள் அம்மா பெருமாள் பக்தை. “முருகனும் கேப்பாருதான்” என்று கொஞ்சம் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்.

மதியம் சரவணன் வந்தார். கொத்தனார் கடைசி வரிசை செங்கல் வைப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்று பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“பாவம்… அப்பாவோட போன் லைனைக் கட் பண்ணியாச்சு.”

“என்ன போன் லைன்?”

“இதுதான். கிட்டங்கியா இருந்தப்போ அப்பா கீழ நின்னுக்கிட்டு இதுக்குள்ளதான் மாடி ஆளுங்களுக்குக் குரல் குடுப்பாங்க. ‘ஏலே, ரெண்டு பெட்டி இறக்கு’ன்னு. மேல ஒருத்தன் கொட்டாவி விட்டாக்கூட கீழ கேக்கும். ‘தூங்கவால வந்த?’ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. செம காமெடியா இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“கீழ இருந்து மேல கேக்கும்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம?”

“மேல இருந்து கீழயும்?”

“அதான சொல்லுதேன்.”

“இதை ஏன் எங்கிட்ட இத்தனை நாளா சொல்லல?”

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார் என் கணவர். உலகத்தின் எல்லாக் கணவர்களுக்கும் யார் இந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வாசகர்களே, உங்களிடம் ஒரு தகவலை இன்னும் சொல்லவில்லை. கெட்டிச் சுவர் கட்டிய அந்த வெள்ளைக்கார மகராசன் புண்ணியத்தில், எங்கள் வீட்டு மாடியில் செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. கணப்படுப்பின் பக்கம். நான் தினமும் மதியம் அம்மாவோடு பேசுவது அங்கே உட்கார்ந்துதான். மாமா தினமும் மதியம் கண்ணை மூடிப் படுத்திருக்கும் ஈஸி சேர் எங்கே இருக்கிறது? கீழே. முருகனுக்குப் பக்கத்தில்.

‘டி.வி.யை என்னா சத்தமா வைக்காங்கம்மா, பிள்ளை முழிச்சிருது.’ சொன்னேனா? சொன்னேன். கொஞ்ச நாளில் டி.வி. சத்தம் குறைந்தது. மாமாவுக்குக் காது நன்றாகிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன்.

‘சாப்பிடுற இடத்துல உக்காந்து மூக்கைச் சிந்துதாங்கம்மா, எனக்குச் சோறே இறங்கல.’ அதையும் சொன்னேன். மாமா கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்தார். வயதானால் சுத்தம் வரும் என்று நினைத்தேன்.

‘ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போயிட்டாப் போதும்மா. இந்தப் பேய் பங்களா வேண்டவே வேண்டாம்.’ இதையும்… எத்தனை தடவை! அதற்கு மட்டும் மாமா ஒன்றும் செய்யவில்லை. ஒரு காலையில் முருகனிடம் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. “போறவங்களை நான் பிடிச்சு வைக்க முடியுமா முருகா? போனா, புள்ளைய மட்டும் ஞாயித்துக்கிழமை கொண்டாந்து காட்டுனாப் போதும்.” யாரோ உறவுக்காரர் வீட்டு விஷயம் என்று நினைத்து, அன்று நான் தலை வாருவதிலேயே கவனமாக இருந்திருக்கிறேன்.

அப்படியென்றால், அவியல் வேண்டும் என்றது முருகனிடம் இல்லை. என்னிடம். நின்றுகொண்டு சாப்பிடாதே என்றது? அதுவும் என்னிடமா? முருகனிடம் உண்மையாகவே வேண்டிக்கொண்டது எது, வாய் திறந்து பேசக் கூடாத மருமகளுக்குச் சொல்லி அனுப்பியது எது? நாலு நாளாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிரிக்க முடியவில்லை. நான் திங்கட்கிழமை பேசியது முருகனிடமா, மாமாவிடமா? சத்தியமாக முருகனிடம்தான். கேட்டவர் யார் என்பதுதான் தெரிந்துவிட்டதே.

தெர்மகோல் ஒட்டியது மாமாவுக்கு எப்படித் தெரிந்தது, சாமிக்கு மூச்சு முட்டும் என்று ஏன் அத்தனை பிடிவாதம் என்பதும் புரிந்தது. முட்டப்போவது சாமிக்கு இல்லை.

நம் வீடுகளை நினைத்தால் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. ஒரே கூரை, ஒரே சோறு. ஆனால் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை அவரிடமே சொல்ல நம்மால் முடிவதில்லை. குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கணவனைத் திட்டுகிறோம். பாத்திரத்தை வைக்கிற வேகத்தில் மாமியாருக்குப் பதில் சொல்கிறோம். சாமியைக் கும்பிடுவதுபோல் மருமகளிடம் அவியல் கேட்கிறோம். இதற்கு ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறி வந்து புகைபோக்கி கட்டித் தர வேண்டியிருக்கிறது!

சிமென்ட் காய்ந்துவிட்டது. யாழினி நிம்மதியாகத் தூங்குகிறாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறேன் — விசில் இல்லை. மறுபடியும் வைத்துக் கேட்கிறேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் காலையில் தலை வாரும்போது அறை அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது. கீழே மணி அடிப்பது சன்னமாகக் கேட்கிறது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நான் படியில் பாதி இறங்கி நின்று பார்த்தேன். மாமா கையைக் கூப்பியபடி வாயை மூடிக்கொண்டு நின்றார். முருகனிடம் பேச அவருக்கும் விஷயம் இல்லை போலிருந்தது. புதன்கிழமை என்ன சமைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. சுரைக்காய் கூட்டு வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். பிடித்ததா, பிடிக்கவில்லையா? மெர்சி அக்காவிடம் கேட்டேன். “எனக்கெப்படித் தெரியும் தங்கச்சி? அண்ணாச்சி மூஞ்சி எப்பவுமே சுரைக்காய் தின்ன மாதிரிதான இருக்கு” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கென்று கேட்பது? எந்தெந்தப் பேச்சுக்கு? நேரில் போய் நின்று பேசினால் அதுவே மரியாதைக் குறைவாகிவிடுமா? பேசாமல் விட்டால் அதைவிடப் பெரிய குறையா? இந்தக் கேள்விகளை யோசித்துக்கொண்டே நேற்றுக் காலை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. மாமா!

சமையலறை இந்த வீட்டில் தனியாகப் பின்கட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அடுக்களை வாசனை ஆகாது. மாமா அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மெர்சி அக்கா இன்னும் வரவில்லை. கடைசியில் எங்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ராத்திரி இருமல் சத்தமே கேக்கலியே… புள்ள நல்லா தூங்குனாளா?”

ஃப்ரிட்ஜ் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். எந்தப் பக்கம் திரும்புவது? ஒரு கணம் தடுமாறி, நானும் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன்.

“நல்லா தூங்குனா மாமா.”

அவர் ஃப்ரிட்ஜுக்குத் தலையாட்டினார். “மூச்சு?”

“இழுக்கல மாமா. சுத்தமா இல்ல.”

“அப்பச் சரி.” திரும்பி இரண்டடி நடந்தவர், நின்றார். “மத்தியானத்துக்குக் கூட்டுன்னா… சுரைக்காய் வேண்டாம்.”

“சரி மாமா.”

அவ்வளவுதான். அவர் போனபிறகு நான் மறுபடி கத்தியை எடுத்து மிச்ச பீன்ஸை நறுக்கினேன்.

இன்று காலையில் சரவணன் அந்த ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ரொம்பப் பழசாயிட்டு, சத்தம் வேற போடுது… மாத்திருவோமா?” என்றார்.

அதன்மேல் கை வைத்தால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டேன்.